கை ஆகர், பேட்டரி ட்ரில், மடிப்பாக்கத்துக் களிமண்

போன ஞாயிறு சாயங்காலம், வீட்டின் வலப்பக்கச் சந்தில் இருக்கும் மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் 20 லிட்டர் கேன் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்த்தேன். மகள் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். 4 நிமிடம் 10 விநாடி. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஈர மணல் மட்டும்தான் தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு இதே துளையில் ஊற்றிய தண்ணீர் ராத்திரி முழுக்க இறங்காமல் நின்றது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே செய்ததை, செலவு மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு 2004-ல் கட்டியது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003-ல் சட்டம் வந்ததால் எங்களுக்கும் மூன்று குழி போட்டுக் கொடுத்தார்கள். 2 அடிக்கு 2 அடி, ஆழமும் 2 அடி. உள்ளே செங்கல் ஜல்லி, மேலே ஸ்லாப். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பாங்கான இடத்தில் அந்தக் குழியே போதும். எங்கள் தெருவில் தோண்டினால் கறுப்புக் களி. முதல் மழையிலேயே குழி நிரம்பி, மீதித் தண்ணீர் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். மொட்டைமாடி 1,000 சதுர அடி. 1 செ.மீ. மழை பெய்தால் அதில் மட்டும் 930 லிட்டர் விழுகிறது. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவன் நான். வருஷா வருஷம் ஐப்பசியில் அந்தத் தண்ணீர் கண்ணெதிரே வழிந்து போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

களிமண் இடத்தில் செய்ய வேண்டியது தெரிந்ததுதான். குழியின் அடியில் 6 இன்ச்சிலிருந்து 12 இன்ச் வரை விட்டமுள்ள துளை ஒன்றைப் போட்டு, களியைத் தாண்டி மணல் வரைக்கும் இறக்க வேண்டும். பொதுவாக 10 முதல் 15 அடி வரை போவார்கள். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் கிணறு வெட்டியதைப் பார்த்த பெரியவர் ஒருவர், ஏழு எட்டு அடியிலேயே மணல் வந்துவிடும் என்றார். கை போர் போடுபவர்கள் ஒரு துளைக்கு 4,500 ரூபாய் கேட்டார்கள். மூன்று துளைக்கு 13,500. அவர்கள் வேலைக்கு அது நியாயமான கூலிதான். ஆனால் எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாருக்கும் இதே பிரச்சினை. கருவி ஒன்று தெருவிலேயே இருந்தால் நல்லது என்று தோன்றியது.

பாரிமுனை ஹார்டுவேர் கடையில் 1,650 ரூபாய்க்கு ஒரு கை ஆகர், அதாவது மண்ணைத் திருகித் துளைக்கும் கருவி, வாங்கினேன். 6 இன்ச் திருகு பிளேடு, 4 அடி நீளத்துக்கு 1 இன்ச் ஜி.ஐ. குழாய், உச்சியில் குறுக்கே ஒரு கைப்பிடி. முதல் குழியின் ஜல்லியை எல்லாம் அள்ளிவிட்டு, அடியில் ஆகரை வைத்துச் சுற்ற ஆரம்பித்தேன். இரண்டரை மணி நேரத்தில் இறங்கியது ஒன்றேகால் அடி. தோள்பட்டை இரண்டும் மறுநாள் தூக்க முடியவில்லை. எனக்கு 51 வயது.

குளிர் நாடுகளில் உறைந்த ஏரியின் மேல் நின்று மீன் பிடிப்பவர்கள், பனிக்கட்டியில் துளை போடக் கையால் சுற்றும் ஆகர் வைத்திருப்பார்கள். இப்போது அந்தக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, ஆகரையும் ட்ரில்லையும் இணைக்கும் ஒரு அடாப்டர் போட்டு, பேட்டரி ட்ரில்லிலேயே ஓட்டுகிறார்கள். மகள்தான் அந்த வீடியோவைக் காட்டினாள். அதே 6 இன்ச் ஆகர், அதே 18 வோல்ட் ட்ரில். என்னிடம் ஏற்கெனவே பிரஷ்லெஸ் ட்ரில் ஒன்று இருந்தது: 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), அதிகபட்ச முறுக்கு விசை 55 நியூட்டன் மீட்டர், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு. களிமண்ணில் ஏன் முடியாது என்று ஆரம்பித்தேன்.

முதல் அடாப்டர் வீண். 12 மி.மீ. போல்ட் ஒன்றின் தலையை வெட்டி, 1 இன்ச் ஜி.ஐ. எண்ட் கேப்பின் (குழாய் முனையை மூடும் மூடி) நடுவில் வெல்டிங் வைத்து, அதைக் குழாயின் உச்சியில் திருகினேன். வெல்டிங் கூலி 200 ரூபாய். ட்ரில்லை ஓட்டியதும் ஆகரின் கீழ்முனை ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் போட்டது. கண்ணால் பார்த்து நடு என்று வைத்தது 2 மி.மீ. விலகியிருந்தது. போல்ட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. உச்சியில் இருக்கும் சாய்வு 4 அடி தள்ளி எவ்வளவாகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அது போக, சக்கின் மூன்று தாடையும் போல்ட்டின் மரையை மட்டுமே பிடித்தன. அரை நிமிடத்தில் மரை நசுங்கி வழுக்க ஆரம்பித்துவிட்டது. ரிவர்ஸ் போட்டபோது எண்ட் கேப்பும் கழன்று வந்தது. மரை போட்ட இணைப்பை ஒரு பக்கச் சுழற்சிக்கு மட்டும்தான் நம்பலாம்.

சரி என்று லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் குழாயின் உள் விட்டத்தை வெர்னியரில் அளந்தார். 27.3 மி.மீ. வந்தது. “வெல்டிங்கே வேணாம் சார், ஒரே ராடுல கடைஞ்சு தரேன்” என்றார். 32 மி.மீ. இ.என்.8 ரக எஃகு ராடு ஒன்றை எடுத்தார். கீழ்ப்பாதியை 75 மி.மீ. நீளத்துக்கு 27 மி.மீ. விட்டமாகக் கடைந்தார். அது குழாய்க்குள் போகும். நடுவில் 8 மி.மீ. தடிமனுக்கு அசல் விட்டத்தையே காலர் மாதிரி விட்டார். குழாயின் விளிம்பு அதில் உட்காரும். மேல்முனை 40 மி.மீ. நீளம், 12 மி.மீ. விட்டம். அதில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று தட்டை முகங்கள், சக்கின் மூன்று தாடைக்கும் ஒவ்வொன்று. எல்லாம் ஒரே பிடியில் கடைந்ததால் நடு விலக வழியே இல்லை. ராடும் கூலியும் சேர்த்து 900 ரூபாய். இந்த வேலையிலேயே மனசுக்கு நிறைவாகச் செலவழித்த பணம் அதுதான். மாட்டி ஓட்டியபோது கீழ்முனையின் ஆட்டம் 3 மி.மீ.க்குள் இருந்தது.

அடாப்டரையும் குழாயையும் சேர்த்துப் பூட்டும் குறுக்கு போல்ட்டில்தான் நான் மறுபடி தவறினேன். 8 மி.மீ. போல்ட்டுக்கு வீட்டிலேயே 9 மி.மீ. துளை போட்டேன், சுலபமாக நுழையட்டும் என்று. அந்த ஒரு மி.மீ. இடைவெளியில் போல்ட் ஆடி ஆடி, அரை நாளில் குழாயின் துளை முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. அப்புறம் அண்ணனிடமே கொண்டுபோய், அடாப்டரையும் குழாயையும் சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு 10 மி.மீ. போல்ட் போட்டேன். அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

இனி நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம்.

அடாப்டர் தயாரானதும் இரண்டாவது குழியில் ஓட்டினேன். ட்ரில்லின் பக்கவாட்டுக் கைப்பிடியை இடது கையில் பிடித்துக்கொண்டு, கியரை 1-ல் வைத்து, மெதுவாக ட்ரிக்கரை அழுத்தினேன். முதல் 6 இன்ச் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி போனது. அடுத்த நொடி உள்ளே ஏதோ செங்கல் துண்டில் பிளேடு மாட்டி நின்றது. ஆகர் நின்றால் ட்ரில் சுற்றும். கைப்பிடி என் இடது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பி, கட்டைவிரல் மூட்டில் அடித்தது. இரண்டு நாள் வீக்கம்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 55 நியூட்டன் மீட்டரை 15 செ.மீ. நீளக் கைப்பிடியில் தாங்க வேண்டுமானால், கையில் வருவது கிட்டத்தட்ட 37 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதையே 60 செ.மீ. நீளக் குழாயில் தாங்கினால் 9 கிலோ சொச்சம்தான். ஆகவே பழைய இரும்புக் கடையிலிருந்து அரை இன்ச் ஜி.ஐ. குழாய் இரண்டடி வாங்கி, பக்கவாட்டுக் கைப்பிடியின் வளையத்தோடு இரண்டு யூ கிளாம்ப் போட்டு இறுக்கினேன். குழாய் 180, கிளாம்ப் 60.

அந்த 9 கிலோவையும் கையில் தாங்கத் தேவையில்லை என்பது மகளின் யோசனை. குழிக்கு வெளியே கடப்பாரையை ஓரடி ஆழத்துக்கு நட்டு, குழாய் அதில் சாய்ந்தபடியே வழுக்கி இறங்கட்டும் என்றாள். முதலில் கடப்பாரையைத் தப்பான பக்கம் நட்டோம். மேலேயிருந்து பார்க்கும்போது ஆகர் கடிகாரச் சுற்றில் போகிறது. ட்ரில்லின் உடம்பு அதற்கு எதிர்ச்சுற்றில் உதைக்கும். குழாய் என் இடப்பக்கம் நீட்டியிருந்தால், உதை என்னை நோக்கித்தான் வரும். அப்படியானால் கடப்பாரை குழாய்க்கு இந்தப் பக்கம், எனக்கும் குழாய்க்கும் நடுவில் நிற்க வேண்டும். ரிவர்ஸ் போடும்போது உதை மாறி அந்தப் பக்கம் போகும். அதனால் எதிர்வீட்டுக் கடப்பாரையையும் வாங்கி, குழாய்க்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக நட்டோம். அதற்கப்புறம் பிளேடு கல்லில் மாட்டினால் ‘டக்’ என்று குழாய் கடப்பாரையில் இடிக்கும் சத்தம் மட்டும்தான். என் வேலை ட்ரில்லை நேராகப் பிடிப்பதோடு சரி.

கூடவே இன்னொன்று. ட்ரில்லின் வளையத்தைத் துளை போடும் குறியில் வைக்காமல், கிளட்ச்சின் மிகப் பெரிய எண்ணில் வைத்தேன். கல்லில் மாட்டினால் கிளட்ச் கடகடவென்று நழுவி, கியருக்கு அடி விழாமல் காக்கிறது. ஹேமர் முறையைத் தொடவே கூடாது.

அந்த வாரக் கடைசியில் பிளேடையும் கவனித்தேன். கடையில் வாங்கியபடியே அதன் விளிம்பு 3 மி.மீ. தடிமனில் மொட்டையாக இருந்தது. கிரைண்டரால் மேல்பக்கத்தை மட்டும் சரிவாகத் தீட்டினேன். கீழ்ப்பக்கத்தைத் தொடவில்லை. அங்கே தீட்டினால் விளிம்புக்குப் பின்னால் இருக்கும் இரும்பு மண்ணில் உரசி, பிளேடு கடிக்காமல் வழுக்கும். தீட்டுவதற்கு முன் ஒரு பேட்டரிக்கு இரண்டடி போனது, தீட்டியபின் மூன்றேகால் அடி.

களிமண் பனிக்கட்டி இல்லை. பனித் துருவல் தானாகவே திருகில் ஏறி மேலே வந்து கொட்டிவிடும். களி பிளேடோடு அப்பிக்கொள்ளும். 4 இன்ச் இறங்கினால் ஆகரை வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த 4 இன்ச்சிலேயே ஒன்றேமுக்கால் லிட்டர் மண், 3 கிலோவுக்கு மேல். நான் பேராசைப்பட்டு 10 இன்ச் விட்டபோது, ஆகர் கார்க் மாதிரி பிடித்துக்கொண்டது. அடியில் காற்றுப் போக வழியில்லாததால் மேலே இழுக்க இழுக்க உறிஞ்சுகிறது. ரிவர்ஸில் இரண்டு சுற்று விட்டு, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இருவராக அசைத்து எடுத்தோம். அதிலிருந்து குழாயில் 4 இன்ச்சுக்கு ஒரு கோடு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். கோடு மறைந்தால் நிறுத்து, தூக்கு, மண்ணைப் பாண்டில் தட்டு. பிளேடிலிருந்து மண்ணை வழிக்கப் பழைய தோசைக் கரண்டி நன்றாக உதவியது.

ஆழம் கூட, நீட்டிப்புக் குழாய் வேண்டும். இங்கே ஒரு வசதி. முக்கால் இன்ச் ஜி.ஐ. குழாய் 1 இன்ச் குழாய்க்குள் கச்சிதமாக நுழையும். உள்ளே இருக்கும் வெல்டிங் தழும்பை அரத்தால் ராவிவிட்டால் போதும். மூன்றடித் துண்டு இரண்டு வெட்டி, ஒவ்வொன்றின் ஒரு முனையிலும் முக்கால் இன்ச் குழாயை ஒரு சாண் நீட்டிப் பொருத்தி, குறுக்கே 10 மி.மீ. போல்ட். எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய்.

சந்துக்கு மேலே பால்கனி ஸ்லாப் இருக்கிறது என்பதை நான் அளந்து பார்க்கவில்லை. தரையிலிருந்து 9 அடி 6 இன்ச். ஆகர் 4, நீட்டிப்பு 6, மொத்தம் 10 அடி. ஆழத்திலிருந்து தூக்கினால் ட்ரில் ஸ்லாப்பில் இடிக்கும். ஆகவே ஒவ்வொரு 4 இன்ச்சுக்கும் பாதியில் நிறுத்தி, ஒரு துண்டைக் கழற்றி, மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. வேலையின் பாதி நேரம் இதிலேயே போனது.

அப்படிக் கழற்றும்போதுதான் ஆகர் உள்ளே விழுந்தது. மகள் மேல் துண்டைப் பிடித்திருந்தாள். நான் இணைப்பு போல்ட்டை உருவினேன். கீழே இருந்த 4 அடி ஆகர் நழுவி ‘தொப்’பென்று துளையின் அடிக்குப் போய்விட்டது. 8 மி.மீ. கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, டார்ச் வெளிச்சத்தில் போல்ட் துளைக்குள் மாட்டி எடுக்க 45 நிமிடம்.

இதில் எனக்கு வருத்தம் ஒன்று உண்டு. பனி ஆகர் அடாப்டரில், காலருக்குக் கீழே வட்டத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். சக் தளர்ந்தால் ஆகர் ஏரிக்குள் போய்விடாமல் தகடு துளையின் வாயில் நிற்கும். நானும் அதைப் பார்த்து, 8 இன்ச் தகடு வெட்டி வெல்டிங் வைக்க 270 ரூபாய் செலவழித்திருந்தேன். மண்ணில் அதற்கு வேலையே இல்லை. துளைக்கு அடி இருக்கிறது, ட்ரில் தளர்ந்தாலும் ஆகர் எங்கும் போகாது. துண்டு துண்டாகக் கழற்றும்போதுதான் ஆபத்து, அதற்கு உச்சியில் இருக்கும் தகடு உதவாது. இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் 3 இன்ச் கீழே ஒரு துளை போட்டிருக்கிறேன். கழற்றுவதற்கு முன் அதில் 10 மி.மீ. கம்பியைக் குறுக்கே நுழைத்து, குழியின் அடியில் வைத்த இரண்டு பலகைத் துண்டுகளின் மேல் உட்கார வைத்துவிட்டால், போல்ட்டை நிம்மதியாக உருவலாம். போர்வெல் லாரிக்காரர்கள் குழாயைக் கிளாம்ப் போட்டுத் தாங்கி நிறுத்துவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை.

தரையிலிருந்து 5 அடி வந்ததும் ஒரு சோதனை பார்த்தோம். துளையை நிரப்பிவிட்டுப் படுத்தோம். காலையில் ஒன்றரை இன்ச்தான் இறங்கியிருந்தது. கறுப்புக் களி 6 அடி வரை விடவில்லை. அப்புறம் மஞ்சள் கலந்த களி, சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்களோடு. அதில்தான் கிளட்ச் அதிகம் நழுவியது. 7 அடி 2 இன்ச்சில் பிளேடு திடீரென்று லேசாயிற்று. ட்ரில்லின் சத்தமே மாறியது. மேலே எடுத்தால் பிளேடில் சாம்பல் நிற மணல், கொஞ்சம்தான். மீதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அந்தப் பிடி மணலை மனைவி ஒரு கிண்ணத்தில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

மணலில் ஆகர் பயன்படாது. எவ்வளவு சுற்றினாலும் மேலே வருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது. அதற்கு 3 இன்ச் பி.வி.சி. குழாய் இரண்டடி எடுத்து, அடியில் லாரி டியூப் ரப்பரை ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ செய்து மூடி போல மாட்டினேன். மேலே கயிறு. துளையில் அரை வாளித் தண்ணீர் ஊற்றி, குழாயைத் தொம் தொம்மென்று குத்தினால் மணலும் தண்ணீரும் உள்ளே ஏறும், தூக்கும்போது ரப்பர் மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் ஓரடி. 8 அடி 3 இன்ச்சில் நிறுத்தினேன். உடனே 4 இன்ச் பி.வி.சி. குழாயில் அடியிலிருந்து மூன்றடிக்குத் துளைகள் போட்டு இறக்கி, சுற்றிலும் சிப்ஸ் ஜல்லி கொட்டினோம். தாமதித்தால் மணல் சரிந்து துளை மூடிவிடும். குழாயின் வாயைக் கொசுவலையால் கட்டி, குழியில் பழைய செங்கல் ஜல்லியைக் கழுவிப் போட்டேன். மாடித் தண்ணீர் தவிர வேறெதுவும் இதில் வராமல் பார்த்துக்கொண்டேன். துணி துவைத்த தண்ணீர்க் குழாய் ஒன்று பக்கத்தில் இருந்ததை வேறு பக்கம் திருப்பினேன்.

கருவிக்கான மொத்தச் செலவு, வீணானது உள்பட, 4,410 ரூபாய். இரண்டு துளை முடிந்திருக்கிறது. முதலாவதற்கு மூன்று ஞாயிறு, இரண்டாவதற்கு ஒரே ஞாயிறு. மூன்றாவது, முன்பக்கத்துக் குழி, நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு ஈ.பி. கேபிள் அந்தப் பக்கம்தான் மண்ணுக்குள் வருகிறது. மீட்டர் பெட்டியிலிருந்து அது எந்த வழியாகப் போகிறது என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகுதான் அங்கே பிளேடை இறக்குவேன்.

அடுத்த தடவை மாற்றப்போவது: நீட்டிப்புத் துண்டுகள் மூன்றடிக்குப் பதில் இரண்டடி. பால்கனிக்குக் கீழே குனிந்து நிமிரும் வேலை குறையும். போல்ட்டுக்குப் பதில் டிராக்டர் ட்ரெய்லரில் வருவது போன்ற பின்னும் கிளிப்பும். ஸ்பானர் தேடும் நேரம் மிச்சம். மூன்றாவது பேட்டரி வாங்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம். ஒன்று சூடாகி நிற்கும்போது மண்ணை வழிப்பதும் குடிக்கத் தண்ணீர் எடுப்பதும் நடக்கிறது. அந்த இடைவெளி ட்ரில்லுக்கும் தேவை. இரண்டாவது துளையின்போது அதன் காற்றுத் துவாரத்தில் கை வைக்க முடியாத சூடு.

வரும் ஞாயிறு எதிர்வீட்டு அக்கா வீட்டில் வேலை. அவர்கள் குழி திறந்தவெளியில் இருக்கிறது, மேலே ஸ்லாப் இல்லை. சனிக்கிழமை ராத்திரியே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி ஊற வைக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கடப்பாரையும் இப்போதே அவர்கள் திண்ணையில் சாத்தி வைத்தாயிற்று.